எந்தப் பாதி நல்லா இருக்கு?

“இடைவேளை வரைக்கும் எப்படி மாஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க.”

பேக்கரியில் வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெண்தான் கேட்டாள். இடுப்பில் குழந்தை.

தையல்காரர் மிஷினை மிதித்தபடியே நிமிர்ந்தார். கடகடவென்ற சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டு அழுதது. அவர் சட்டென்று காலை எடுத்தார். சுவிட்சை அணைத்த மாதிரி அழுகையும் நின்றது.

“என்னம்மா, என் மிஷினைக் கண்டா பாப்பாவுக்கு ஆகாதா?”

“மிக்ஸி போட்டாலும் இதே கச்சேரிதான். நீங்க படத்தைச் சொல்லுங்க.”

புதுப் படம் வந்தால் அந்தத் தெரு அவரிடம்தான் வந்து நிற்கும். தியேட்டருக்கு சீட் உறை தைத்துக் கொடுப்பவர் என்பதால், முதல் நாள் முதல் காட்சிக்கு அவரை வாசலில் யாரும் தடுப்பதில்லை. அவர் தலையாட்டினால் தெரு கிளம்பும். உதட்டைப் பிதுக்கினால் படுத்துத் தூங்கும்.

“போலீஸ் படம், இடைவேளை வரைக்கும் பறக்குது. அப்புறம் எங்க போறோம்னு ஹீரோவுக்கே தெரியல. பேய்ப் படம் நேர் எதிர். முதல் பாதியில பேயே கொட்டாவி விடுது. ஆனா ரெண்டாம் பாதி இருக்கே, பக்கத்து சீட்டுக்காரர் மடியில ஏறி உட்கார்ந்துட்டேன்!”

“அப்ப போலீஸ் படம்தான்” என்றாள் அவள்.

“பேய்ப் படம்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் புருஷன், வெல்டர். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தான். நெற்றியில் கண்ணாடி இன்னும் ஏறிக் கிடந்தது.

“முதல் பாதி சரியில்லன்னா அது என்னங்க படம்?”

“ஏய், ரெண்டாம் பாதி சொதப்பினா போறதே தண்டம்.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. வெளியே வந்தப்ப உங்க மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. நான் பார்த்தேனே!”

“நீ சிரிச்சுக்கிட்டு வந்தியே, அது போதும்.”

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எத்தனையோ புருஷன் பொண்டாட்டி சண்டைகளைப் பார்த்தவர் அவர். ஹீரோவுக்காகச் சண்டை போடுவார்கள், பாட்டுக்காகச் சண்டை போடுவார்கள். படத்தைப் பாதியாக அறுத்து வைத்துக்கொண்டு, உன் பாதி என் பாதி என்று மல்லுக்கு நிற்கிற ஜோடியை இங்கேதான் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. அவளுக்கு முதல் பாதிதான் உசத்தி. அவனுக்கு இரண்டாம் பாதி. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதே அத்தி பூத்த மாதிரி. நாளைக்கு அந்த அத்தி பூக்கப்போகிறது. அதையும் சண்டையிலேயே கழித்துவிடுவார்கள் போலிருந்தது.

“ரெண்டும் வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. சின்னப் படம் ஒண்ணு வந்திருக்கு. தெரிஞ்ச முகம் ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் சும்மா ஒரே சீரா நெய்த துணி மாதிரி இருக்கு. நடுவுல ஒரு நூலை உருவினாலும் போச்சு. முழுசாப் பார்க்கணும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“முழுசாவா மாஸ்டர்?” என்றான் வெல்டர், மெதுவாக.

“பின்னே, அரைகுறையாவா?”

அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். “சரிங்க. ரெண்டு பக்கமும் நல்லா இருக்குல்ல, அதுக்கே போவோம்” என்றாள். ஆனால் குரலில் சுரத்தில்லை.

நல்லதைச் சொன்னாலும் இந்தக் காலத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறார்களே என்று தையல்காரருக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள், தைத்து முடித்த சீட் உறைகளைத் தோளில் சுமந்துகொண்டு அவர் தியேட்டருக்குப் போனபோது இடைவேளை மணி அடித்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக வெல்டர் ஓடி வந்தான். கண்கள் மின்னின. சுவரொட்டி ஓரமாகக் குழந்தையோடு அவள் நின்றிருந்தாள்.

“இப்பதான் அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புறா. கூடவே அண்ணனும் வர்றான், ஆனா அவன் நல்லவன்தான். தப்பா நினைச்சுடாதே. மிச்சத்தை வந்து நீ சொல்லு. ஓடு, ஓடு!”

குழந்தை அவன் தோளுக்கு மாறியது. அவன் கையிலிருந்த டிக்கெட் துண்டு அவள் கைக்கு மாறியது.

தையல்காரர் வாசல் பக்கம் திரும்பினார். டிக்கெட் கிழிப்பவர் அவர் காதருகே சொன்னார்: “இவங்க எப்பவும் இப்படித்தான் மாஸ்டர். உள்ள சத்தம் குழந்தைக்கு ஆகாது. முதல் பாதி எப்பவும் அவரு, ரெண்டாம் பாதி எப்பவும் அந்தம்மா.”

முதல் பாதி நன்றாக இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றவள், குழந்தை பிறந்த பிறகு அந்த முதல் பாதியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இரண்டாம் பாதிக்காக நின்றவன் எந்தப் படத்தின் முடிவையும் கண்டதில்லை.

தையல்காரர் உறை மூட்டையை அப்படியே கீழே போட்டுவிட்டு, குழந்தைக்குக் கை நீட்டினார்.

“அடுத்த காட்சிக்கு ரெண்டு பேரும் முதல்லேருந்து போய் உட்காருங்க தம்பி. பாப்பா என் கடையில இருக்கட்டும், இன்னைக்கு என் மிஷின் ஓடாது.”