அலமாரிக்குள் ஒன்பது நிமிடம்

அலமாரிக்குள் தாமோதர் தாம்லே நிற்கிறார். புணேயில் ஞாயிறு மதிய ஆட்டம். இருபத்திரண்டு வருடமாக இதே நாடகம், மருமகளுக்குப் பயந்து ஒளியும் இதே மாமனார் வேடம். அவள் வந்து கதவைத் திறக்க ஒன்பது நிமிடம் ஆகும். முன்கதவின் இடுக்கில் நுழையும் வெளிச்சம் அவர் மூக்கில் கோடு போட்டிருக்கிறது. இடைவேளை வடையின் மணம் இங்கேயும் வருகிறது. வசனம் எடுத்துக்கொடுக்கும் நான் பின்பலகை ஓட்டையில் கண் வைத்திருக்கிறேன்.

"வந்துட்டாராடா, ஸ்ரீபாத்?"

"மூணாவது வரிசை ஓரத்துல இருக்காரு, தாதா."

வந்திருப்பவர் சினிமா இயக்குநர். மகனைப் பறிகொடுத்த நீதிபதி வேடத்துக்கு ஆள் தேடுகிறார். தாமோதரை நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். சினிமாவிலும் தாதாவுக்கு இதுவரை மாமனார் வேடம்தான். இருட்டில் அவர் நீதிபதியின் வசனத்தை முணுமுணுக்கிறார். விரல்கள் வேட்டி நுனியைத் திருகுகின்றன. நாலாவது வரியில் குரல் உடைந்து கன்னம் நனைகிறது.

"தேறுமாடா?"

"ஆட்டம் முடிஞ்சதும் இதையே அவர்கிட்ட பேசிக் காட்டுங்க."

மருமகளின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. கண்ணைத் துடைப்பதற்குள் கதவு திறந்துவிடுகிறது. அழுத முகத்தோடு தாதா அப்படியே நிற்கிறார். மாமனாரின் வசனம் வரவில்லை. அரங்கம் வெடித்துச் சிரிக்கிறது. அவர் தோளுக்கு மேலே எனக்கு மூன்றாவது வரிசை தெரிகிறது. இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். வசனத்தை இரண்டு முறை சொல்லிக்கொடுக்கிறேன். தாதா கையை நீட்டி, உள்ளிருந்தபடியே கதவைச் சாத்திக்கொள்கிறார்.

சிரிப்பு இன்னும் கூடுகிறது.