வரையாத நாற்கரங்கள்

வலது சடைக்கு ரிப்பன் கட்டும்போது அம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

கை மறுபடி அசைந்தது. ரிப்பன் இறுகியது.

"நீ முன்னால போ ட்டீ. எனக்கு லேசாக் கிறக்கமா வருது. கொஞ்சம் உக்காந்துட்டுப் பின்னாலயே வாறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

பையில் கணக்கு நோட்டு இருந்தது. அதில் ஒரு நாற்கரம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை கொடுத்த வீட்டுப்பாடம். ஐந்து நாற்கரங்கள், கவராயம் வைத்து வரைய வேண்டும். சனிக்கிழமை வரையலாம் என்றிருந்தாள். சனிக்கிழமை வந்ததும், ஞாயிறு முழுசாகக் கிடக்கிறதே என்றிருந்தாள். ஞாயிறு காலையில் பென்சில் சீவினாள். மதியம் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்ததையெல்லாம் எடுத்துத் துடைத்து அடுக்கினாள். சாயங்காலம் மறுபடி பென்சில் சீவினாள். நோட்டைத் திறக்க மட்டும் கை போகவில்லை. தள்ளித் தள்ளி வைக்க அது பெரிதாகிக்கொண்டே வந்தது. பெரிதாக ஆக, கிட்டே போகவே பயமாக இருந்தது.

கணக்கு டீச்சர் அதே அறையில்தான் இருந்தாள். எதிர்ச் சுவரில் சாய்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது அவளுடைய அம்மாதான்.

வீட்டில் அம்மா வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். மற்றப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் யாராவது ஞாபகப்படுத்துகிறார்களா, உனக்கு மட்டும் எதற்கு என்பது அவள் நியாயம். பள்ளிக்கூடத்து கேட்டைத் தாண்டினால் அம்மா என்று கூப்பிடவும் கூடாது. டீச்சர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு முறை அம்மா கீரையிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"அந்தப் பென்சில விட்டுரு ட்டீ. அது என்ன பாவம் செஞ்சுது?"

சிரித்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

சிரித்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. வகுப்பில் சிரிப்பு இருக்காது. மற்றவர்களிடம் டீச்சரின் குரல் உயரும். மகளிடம் உயராது. நோட்டைப் பார்ப்பாள். அவளைப் பார்ப்பாள். நோட்டை மூடிக் கொடுத்துவிடுவாள். வீட்டுக்கு வந்த பிறகும், சாப்பிட உட்காரும்போதும், அந்த மூடிய நோட்டு இருவருக்கும் நடுவில் கிடக்கும்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் தெருமுனைப் பிள்ளையாரிடம் நின்றாள்.

இன்னைக்கு மட்டும் டீச்சர் வர வேண்டாம்.

டீச்சர் என்றுதான் சொன்னாள்.

மணி அடித்தது. முதல் பீரியட் கணக்கு. டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது.

"ஏட்டி, ஒண்ணுமே போடலையா? டீச்சர் மவளுக்கு வந்த தைரியத்தப் பாரு." பக்கத்தில் இருந்த ஜெசிந்தா தன் நோட்டைத் தள்ளிவைத்தாள். "பாத்து வரை. சீக்கிரம். ஒங்கம்மா வந்துருவாவ."

கவராயத்தின் திருகு கழன்று ஆடியது. அவ்வளவு துடைத்தும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஜெசிந்தா கையிலிருந்த பிளாஸ்டிக் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை வைத்து அவள் வில் போட்டாள். எல்லா வில்லும் ஒரே அளவில் விழுந்தது. அம்மா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் வரைந்தாள்.

வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நோட்டைக் கையால் மறைத்தாள். சத்தம் கடந்து போகும். மறுபடி வளையலை எடுப்பாள்.

பிள்ளையார் காதில் விழுந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம். இன்னும் இரண்டு நாற்கரம்.

வாசலில் பியூன் செல்லையா வந்து நின்றார். அவள் பெயரைச் சொன்னார்.

"பைய எடுத்துக்கிட்டு வாம்மா."

"போச்சு," என்றாள் ஜெசிந்தா, உதடு அசையாமல். "பெரிய டீச்சர்ட்ட சொல்லிட்டாவ."

வராண்டாவில் நடக்கும்போதே காரணம் தேடினாள். வயிற்றுவலி. கவராயம் உடைந்துபோனது. நோட்டு தொலைந்து காலையில்தான் கிடைத்தது. எதைச் சொன்னாலும் அம்மா நம்பப் போவதில்லை.

செல்லையா அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அவர் யாருடைய பையையும் தூக்கி அவள் பார்த்ததில்லை.

பெரிய டீச்சரின் அறை வந்தது.

அவர் நிற்கவில்லை.

"அண்ணாச்சி, ரூமத் தாண்டிப் போறீங்களே?"

அவர் பள்ளிக்கூடத்து கேட்டைத் திறந்தார். வெளியே ஓர் ஆட்டோ. உள்ளே பக்கத்து வீட்டு அக்கா, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு.

அதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து அவள் பள்ளிக்கூடம் போன அன்றுதான் புதிய கணக்கு சார் வந்து சேர்ந்தார். நரைத்த மீசை. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார்.

"டீச்சர் கடைசியாக் குடுத்ததுலருந்தே ஆரம்பிப்போம். அஞ்சு நாற்கரம். முடிக்காதவங்க எந்திரிங்க."

பின்பெஞ்சில் சிலர் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

ஜெசிந்தா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

சார் அவளைப் பார்த்தார். யாரோ முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். சாக்பீஸ் உருள்வது நின்றது.

"நீ உக்காரும்மா. ஒனக்கு இல்ல."

வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் உட்காரவில்லை.

"நானும் முடிக்கல, டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை.

நோட்டைத் திறந்து நீட்டினாள். நான்காவது நாற்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தது.