ஆளுக்கு ஒரு மெசேஜ்

"நானூத்திப் பன்னெண்டு வீட்டுக்கும் மெசேஜ் போயிருக்கு டீச்சர்!" தலைமையாசிரியர் மேசையைக் குத்தினார்.

'உங்கள் பிள்ளை நேற்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டார்.' இதுதான் மெசேஜ்.

கம்ப்யூட்டர் டீச்சர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "பெற்றோர் பட்டியலையும் ஆப்சென்ட் பட்டியலையும் சேர்க்கறப்ப, எந்தப் பிள்ளை யாரோடதுன்னு பொருத்தற வரிய விட்டுட்டேன் சார். அதனால ஆப்சென்ட் ஆன ஒவ்வொரு பிள்ளைக்காகவும் எல்லா வீட்டுக்கும் ஒரு மெசேஜ் போயிடுச்சு."

"இப்ப ஊரே திரண்டு வந்து என் சட்டையப் பிடிக்கும். அதுக்கு முன்னாடி உங்க சீட்டைக் கிழிச்சுடறேன்!"

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மன்னிச்சுடுங்க சார். பையனை மிரட்டினதும், 'நேத்து இல்லப்பா, போன வாரம்'னு அவனே உளறிட்டான்."

அடுத்த போன். "பொண்ணு அழுதுட்டே ஒத்துக்கிட்டா சார். இனிமே நடக்காது."

மதியத்துக்குள் அறுபது போன். அத்தனையும் மன்னிப்பு. சண்டைக்கு ஒரு ஆள் வரவில்லை.

தலைமையாசிரியர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெத்த பிள்ளை மேல நம்பிக்கையைப் பாருங்க! என் பையனும் இங்கதானே படிக்கிறான், எனக்கும்தான் மெசேஜ் வந்துச்சு. அவனை ஒரு வார்த்தை கேட்டேனா? வளர்ப்பு அப்படி!"

டீச்சர் தயங்கினார். "சார், நேத்து ரெண்டு பேர் மட்டம் போட்டிருந்தா ஆளுக்கு ரெண்டு மெசேஜ் போயிருக்கும். ஒண்ணுதான் போயிருக்கு."

"அப்ப மொத்தமே ஒருத்தன்தானா? யாரு அந்தத் தறுதலை?"

"அவங்க வீட்டுக்கு மட்டும் சரியாத்தான் போயிருக்கு சார்" என்ற டீச்சர், மேசைமேல் கிடந்த தலைமையாசிரியரின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.