தொலைந்த கோப்பை

"டி.வி.யில சொல்றாங்களே, அவன் கப்பைத் தொலைச்சதை யாருக்கும் தெரியாம எத்தனை வருஷம் ஓட்டினான்?" என்று கேட்டாள் வசந்தாமணி.

மணியன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்து மனைவியை ஆச்சரியமாகப் பார்த்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் கோல்ஃப் பற்றி அவள் கேட்கும் முதல் கேள்வி. விடுவானா?

"மூணு வருஷம். ஹேகன்னு பேரு. 1925ல இதே பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சுட்டு, கப்பை ஹோட்டல்ல சேர்த்துடுன்னு டாக்ஸிக்காரன்கிட்ட குடுத்தானாம். போய்ச் சேரவே இல்ல. அடுத்த வருஷம் கேட்டதுக்கு, 'எப்படியும் நான்தானே ஜெயிக்கப் போறேன், எதுக்குத் தூக்கிட்டு வரணும்'னுட்டான். சொன்ன மாதிரியே ஜெயிச்சான். அதுக்கடுத்த வருஷமும்."

"அப்புறம்?"

"தோத்தான். உண்மையைச் சொல்லிட்டான்."

"அவனை என்ன பண்ணாங்க?"

"நூறு வருஷக் கதைம்மா. கப்கூட அப்புறம் டெட்ராய்ட்ல ஒரு பேஸ்மென்ட்ல கெடச்சுது. உனக்கு எதுக்கு இந்த விசாரணை? ஃபைனலுக்கு லேட்டாகல?"

வசந்தாமணிக்குக் கவலை வேறொரு கோப்பையைப் பற்றி. அமெரிக்காவில் இந்த ஐசலின் ஊரில் தமிழ்ச் சங்கத்தை ஆரம்பித்தவர்கள் சேலத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கோப்பை அது. இரண்டு வருஷத்துக்கு முன் கேரம் போட்டியில் ஜெயித்து, ஆபீஸில் காட்ட எடுத்துப்போய், ட்ரெயினிலேயே விட்டுவிட்டு இறங்கிய மகராசி அவள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் கோப்பை எங்கே என்று கேட்டவர்களிடம் அந்த ஹேகன் சொன்னதையேதான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நல்லவேளை, ஜெயித்தாள்.

இன்றும் ஜெயித்தாக வேண்டும்.

எதிரே மரகதம் ஆன்ட்டி. வசந்தாமணிக்கு முன் நாலு வருஷம் சாம்பியன். தன் கையாலேயே கோப்பையை அவளிடம் கொடுத்தவர். எங்கே பார்த்தாலும், "கப்பைப் பத்திரமா வச்சிருக்கியாம்மா?" என்று விசாரிப்பார். இன்னும் ஆசை போகவில்லை போலிருக்கிறது என்று வசந்தாமணி நினைத்துக்கொள்வாள்.

கோப்பை நினைப்போடு கேரம் ஆட முடியுமா? கடைசி போர்டில் ஆன்ட்டி சிவப்புக் காயைப் போட்டு, அதற்கான ஃபாலோவும் போட்டு ஜெயித்துவிட்டார்.

செயலாளர் செழியன் மைக்கைப் பிடித்தார். "போன வருஷ சாம்பியன் கப்பை மேடைக்கு எடுத்துட்டு வரலாம்."

வசந்தாமணி தயங்கித் தயங்கி ஆன்ட்டியிடம் போனாள். கண் கலங்கிவிட்டது. "ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கப்பு..."

ஆன்ட்டி அவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ட்ரெயினா, டாக்ஸியா?"

"ட்ரெயின்," என்றாள் வசந்தாமணி.

"தூக்கிட்டு வரலைன்னு போன வருஷம் நீ சொன்னப்பவே புரிஞ்சுது. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். நான் ஏர்போர்ட்ல விட்டேன். செழியன்கிட்ட அடுத்த வாரம் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு, ஓக் ட்ரீ ரோட்டுல நகைக்கடை மாடிக்குப் போ. பழைய பேரெல்லாம் பொறிச்சு அச்சு அசலா செஞ்சு குடுப்பான். நீ தொலைச்சதும் அங்க செஞ்சதுதான். எனக்கு அட்ரஸ் குடுத்ததே எனக்கு முன்னாடி ஜெயிச்ச பிச்சுமணி அங்கிள்தான்."