இன்னும் ஒண்ணு, மேடம்

“அங்க போய் என்னத்தப் பாக்கப் போறோம்? ஒழுகுற தகரமும் மூக்கு ஒழுகுற பிள்ளைகளும்தானே?” ஆம்லெட்டை வெட்டியபடி கேட்டான் நிரோஷன்.

“அப்படிச் சொல்லாதீங்க, பாவம்,” என்றாள் கிருஷாந்தி. “எனக்கு என்னன்னா, அதையெல்லாம் பாத்தா மனசு தாங்காது. அதான் யோசிக்கிறேன்.”

நுவரெலியா ஹோட்டலில் கடைசி நாள் காலைச் சாப்பாடு. இன்று கொழும்புக்குத் திரும்ப வேண்டும். வழியில் கொட்டகலை. அங்கே மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே ஏறினால் சுலக்ஷனாவின் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு.

சுலக்ஷனா அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண். இருபது வயது. வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது, இன்னும் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. ஹட்டனில் படிக்கும் தம்பிக்கு இவள் சம்பளம்தான் எல்லாம். மூன்று நாளைக்கு முன் கொட்டகலைக்குள் வேன் நுழைந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டவள், அந்த மலை மறையும்வரை திரும்பவேயில்லை. அதைப் பார்த்து மனமிளகி, “திரும்பி வரும்போது பாப்போம்” என்று கிருஷாந்திதான் சொல்லிவைத்தாள்.

“பத்து நிமிசம் போதுங்க மேடம்.” குழந்தைக்குப் பாணைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே சுலக்ஷனா மெதுவாகச் சொன்னாள். “நீங்க வேன்லயே இருங்க. நான் ஓடிப்போயி அம்மாவைப் பாத்துட்டு வந்துர்றேன்.”

“வேன் அங்க ஏறுமா?”

“கொழுந்து லொறி ஏறுதுங்க சேர்.”

“அப்ப லொறியிலதான் போகணும்.” தன் பகடிக்குத் தானே சிரித்துக்கொண்டான் நிரோஷன்.

“அதுக்கில்லம்மா,” கிருஷாந்தி குழைந்தாள். “நல்ல உடுப்பு உடுத்திக்கிட்டு நாங்க அங்க போய் நிக்கிறது, அந்தச் சனங்களை வேடிக்கை பாக்கிற மாதிரி இருக்காதா? உங்க அம்மாவுக்கும் கூச்சமா இருக்கும். ரெண்டு பெட்டி பிஸ்கட் வாங்கி யார்கிட்டயாவது குடுத்தனுப்புவோம்.”

“அம்மா கூச்சப்பட மாட்டாங்க மேடம்.”

அவள் பால்போத்தலை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் கிருஷாந்தி குரலைத் தாழ்த்தினாள். “உங்களுக்கு விளங்கலையா? முன்னாடி இருந்தவ தீபாவளிக்குன்னு ஊருக்குப் போனா. அம்மா முகத்தைக் கண்டதும் அங்கேயே உக்காந்துட்டா. இவளும் அப்படிச் செஞ்சா, நாளைக்கு நான் எப்படி ஒஃபிஸ் போறது?”

“அதை நேரடியாவே அவகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா மனசு நோகும்ல?”

நிரோஷன் தேநீரை உறிஞ்சினான். நல்ல தேநீர். இன்னொரு கோப்பை கேட்டான்.

போத்தலைக் கழுவி வர சுலக்ஷனாவுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. கையில் போத்தலோடு அவளுடைய போனும் இருந்தது. கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது.

“மேடம், தலவாக்கலை தாண்டி, கொட்டகலைக்குக் கொஞ்சம் முன்னால, ரோட்டோரத்துல கொழுந்து பறிக்கிறவங்க கூடையோட போட்டோக்கு நிப்பாங்க. நல்லா இருக்கும். நான் எடுத்துத் தர்றேன்.”

கிருஷாந்திக்கு நெஞ்சு லேசானது. கோபித்துக்கொள்ளாத பிள்ளை. இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி கிடைப்பாளா?

பதினொரு மணிக்கு, சுலக்ஷனா காட்டிய வளைவில் வேன் நின்றது. ஐந்தாறு பெண்கள் முதுகில் கூடையோடு சிரித்தபடி வரிசையாக வந்து நின்றார்கள். கடைசியில் நின்றவளுக்கு மட்டும் கூடை இல்லை. கலியாண வீட்டுக்குப் புறப்பட்டவள் போல மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா,” என்றாள் கிருஷாந்தி. “உங்களைப் பாத்தா கொழுந்து பறிக்கிறவங்க மாதிரியே இல்ல.”

அவள் வரிசையை விட்டு இறங்கி, படமெடுக்க நின்ற சுலக்ஷனாவின் பக்கமாக ஒதுங்கிக்கொண்டாள்.

கிருஷாந்தி ஒருத்தியின் தோளில் கை போட்டாள். இன்னொருத்தியின் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளி முகத்தருகே பிடித்தாள்.

“எடுத்தாச்சா?”

“இன்னும் ஒண்ணு, மேடம்.”

“இப்ப?”

“முகத்துல வெயில் விழுதுங்க. இன்னும் ஒண்ணு.”

“போதும்டி!”

“அந்த மலையைப் பாருங்க மேடம். அப்படியே நில்லுங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

நிரோஷன் ஹோர்ன் அடித்த பிறகுதான் சுலக்ஷனா போனைக் கீழே இறக்கினாள். கிருஷாந்தி பெண்களுக்குக் காசு கொடுத்துவிட்டு ஏறினாள். பின்சீட்டில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுலக்ஷனா கண்ணை மூடிக்கொண்டாள். கொட்டகலை கடந்து போனபோதும் திறக்கவில்லை. பிள்ளைக்கு வீட்டு நினைப்பே விட்டுப்போயிற்று என்று கிருஷாந்தி நிம்மதியடைந்தாள்.

ஹட்டன் தாண்டியதும் தன் போனில் படங்களைப் பார்க்கத் தொடங்கினாள். முப்பத்திரண்டு! நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, ‘எளிய மனிதர்களோடு சில நிமிடங்கள்’ என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டாள். உடனே நாலு பேர் இதயம் அனுப்பினார்கள்.

கடைசியில் இருந்தது படமில்லை. கை தவறி வீடியோவாகப் பதிந்திருந்தது. சத்தத்தைக் கூட்டினாள். காற்றின் இரைச்சல், எங்கோ ஒரு பஸ். பிறகு போனுக்கு வெகு அருகில், மூச்சிரைக்கும் ஒரு பெண்குரல்.

“என்னா புள்ள, இப்புடி எளைச்சுப் போயிட்ட?”

திரையில் கிருஷாந்தி கொழுந்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காட்சி மட்டும் லேசாக நடுங்கியது, கூடவே சுலக்ஷனாவின் தணிந்த குரல்.

“அழுவாதம்மா. மேடம் பாக்குறாங்க.”