கடைசி அத்தியாயத்துக்கு ஒரு பாஸ் ஓவர்

அவள் காதில் விழவில்லை.

"எதிர்மனுதாரர் உலகம்மை..."

கோர்ட் டவாலி வாசலில் நின்று கூப்பிட்டது குடும்ப நீதிமன்றத்தின் வராந்தா முழுக்கக் கேட்டது. பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் மடியில் லைப்ரரி முத்திரை குத்திய ஒரு நாவல்.

இந்தக் கோடியில் அவன், நம்பிராஜன். வழக்கில் மனுதாரர். தீர்ப்பு வராததால் இன்னும் அவளுடைய கணவன்.

மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாவதுக்கும் அவள் எழுந்து போகாவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். அவன் கேட்ட விவாகரத்து கைக்கு வந்த மாதிரிதான். அவள் சம்மதிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், நீதிபதியிடம் சொல்லிக்கொள்கிறேன் என்பாள். அவளுடைய வக்கீலோ வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது.

அவனுடைய வக்கீல் அவன் முழங்கையை அழுத்தினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

வேடிக்கை என்னவென்றால், அவன் வழக்குப் போட்டதே இதற்காகத்தான். எத்தனை முறை அழைத்தாலும் மனைவி பதில் தருவதில்லை, எந்நேரமும் நாவல் வாசித்துக் கணவனை அவமதிக்கிறாள். மனுவில் அப்படித்தான் இருந்தது. வக்கீல் அதற்குக் கொடுமை என்று பெயர் வைத்திருந்தார். இப்போது கோர்ட்டே கூப்பிட்டுப் பார்க்கிறது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"எதிர்மனுதாரர் உலகம்மை..."

இரண்டாவது.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். கட்டைவிரல் நகம் வாய்க்குப் போனது.

புத்தகத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். கடைசி அத்தியாயம். கதையில் வரும் பெண் வக்கீல் எழுந்து, கூண்டில் நிற்கும் சித்தியிடம் அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்கப்போகிறாள்.

போன வாய்தாவின்போது இந்தப் புத்தகத்துக்காக அவள் லைப்ரரிக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். யாரோ எடுத்துப் போயிருந்தார்களாம். அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு கடையில் அவன் ஒன்று வாங்கினான். குறை கண்டுபிடிக்கத்தான் வாங்கினான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிரித்தான்.

திங்கட்கிழமை கைதாகிறான் மகன். தாயைக் கொன்றானாம். வெள்ளிக்கிழமை தீர்ப்பு. நிஜக் கோர்ட்டில் வெள்ளிக்கிழமைக்குள் கேஸ் கட்டின் முடிச்சைக்கூட அவிழ்க்கமாட்டார்கள். ஆனால் அதையெல்லாம் யோசிக்க அந்தப் புத்தகம் இடம் கொடுத்தால்தானே. ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். யாரென்று தெரியாமல் எப்படி மூடிவைப்பது? சும்மா சொல்லக்கூடாது, எழுதிய கை லேசுப்பட்ட கையில்லை.

சேரன்மகாதேவியில் இறங்க வேண்டியவன் வீரவநல்லூரில் இறங்கினான்.

"அத்தன தடவ கூப்பிட்டேனே, காதுல விழலியா சார்?" என்றார் கண்டக்டர்.

சுருக்கென்றது. இதே கேள்வியைத்தான் அவன் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தான், இன்னும் சத்தமாக. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே, திரும்பிப் போகும் பஸ் வரும்வரை நின்றபடி அடுத்த அத்தியாயத்தை வாசித்தான்.

டவாலி மூன்றாவது முறைக்கு மூச்சை இழுத்தார்.

அவன் எழுந்து ஓடினான்.

"பாஸ் ஓவர் வேணும்யா. அவங்களுக்கு."

டவாலி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொல்லி வக்கீல்கள் பாஸ் ஓவர் கேட்பார்கள், அது தினமும் நடப்பதுதான். எதிராளிக்காகக் கேட்கும் ஆளை அவர் பார்த்ததில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"கடைசியில கூப்பிடுவோம். அப்பம் ரெண்டு பேரும் வந்து நிக்கணும். ரெண்டு பேருமே வரலன்னா கேஸு தள்ளுபடி, பாத்துக்கிடும்."

அவனுடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

அவன் தன் கோடியிலேயே போய் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

புருவம் ஏறியது. கேள்வி வந்துவிட்டது.

வாய் லேசாகத் திறந்தது. பதிலும் வந்துவிட்டது.

அழகாக இருந்தாள். இத்தனை வருஷம் இந்த முகத்தை எதிரே வைத்துக்கொண்டு தோசை எங்கே என்று கத்தியிருக்கிறான்.

அவள் புத்தகத்தை மூடினாள். நல்ல கதையை முடித்தவர்களுக்கு வரும் தவிப்பு அவளுக்கும் வந்தது. யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும். நிமிர்ந்து பார்த்தாள். வராந்தா காலியாகியிருந்தது. மிச்சம் இருந்தவன் அவன்தான்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் அந்தக் கணக்கப்பிள்ளையத்தான் கொலகாரன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

அவள் மெல்லத் திரும்பினாள். அவன் பையிலிருந்து அதே அட்டை எட்டிப்பார்த்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கணக்கப்பிள்ளையா? சாவி சித்திகிட்ட இருந்துதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்கள்லா."

"எங்க சொன்னாங்க?"

"இந்தா, பாருங்க."

அவள் பக்கத்தைத் தேடிக்கொண்டே பெஞ்சில் நகர்ந்து வந்தாள். அவனும் நகர்ந்தான். இரண்டு தலைகளும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்தன.

"மனுதாரர் நம்பிராஜன்... எதிர்மனுதாரர் உலகம்மை..."

டவாலி வாசலில் நின்று ஒருமுறை கூப்பிட்டார்.

இன்னொரு முறை கூப்பிட்டார்.

பிறகு பெஞ்சின் பக்கம் பார்த்தார். அவள் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அவர் அவ்வளவாகச் சத்தம் போடவில்லை.