சின்னையாவின் முட்டி

"இன்னும் கொஞ்சம் குனியுங்க. முட்டியை மடக்கக் கூடாது. கை கால் விரலைத் தொடணும்."

"தொடாதுடி. நடுவுல முட்டின்னு ஒண்ணு இருக்கே, அது விடமாட்டேங்குது," என்று முனகினான் சின்னையா.

வலது காலை வாசற்படியில் நீட்டி வைத்து, மீன் தேடும் கொக்குபோலக் குனிந்து நின்றான். சைக்கிள் மிதித்து மிதித்து இறுகிப்போன காலுக்கு, ஆஸ்பத்திரி டிரெசர் தம்புசாமி சொல்லிக்கொடுத்த பயிற்சி. துணைக்கு மனைவி நல்லம்மாளும் பக்கத்தில் நின்று செய்தாள். அவள் கை கால் விரலைத் தாண்டியே போனது.

"உனக்கு எதுக்குடி இது? அடுப்படிக்குப் போயிட்டு வர்ற காலு."

"ஒத்தையா செஞ்சா உங்களுக்குச் சோம்பல் வந்துடும். ம், அடுத்த கால்."

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் முதல் சைக்கிள் சின்னையாவுடையதுதான். விடியலில் அதில் ஏறிச் செந்தூல் பட்டறைக்குப் போவான். மதியம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவான். இரண்டு மாதமாக முட்டி வலி உயிரை வாங்கியது. இனி நடைதான் என்று முடிவுகட்டி, சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, அதை விற்ற கடைக்காரர் தாவூதுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

"விக்காதீங்க. இன்னும் ஒரு வாரம் காலை நீட்டிப் பாருங்க," என்று நல்லம்மாள் காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்ததும் அவள்தான். அவன் தூங்கி எழுவதற்குள் பெரிய பாசாருக்குப் போய், துள்ளத் துள்ள விரால் வாங்கிவந்து குழம்பு வைத்ததும் அவள்தான். அந்த அவசரத்தில் நேற்று கணுக்காலைக்கூடச் சிராய்த்துக்கொண்டாள். இப்படி ஒருத்தி கிடைக்க என்ன தவம் செய்தோமோ என்று சின்னையாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

தாவூத் வந்தார். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"வண்டி நல்லாத்தானே இருக்கு? எதுக்கு விக்கிற?"

"மிதிச்சா முட்டி மடங்கி நெஞ்சுல இடிக்குது பாய். வயசாயிடுச்சுலா."

"நாப்பதுல என்ன வயசு? ஏறி உக்காரு, பாப்போம்."

சின்னையா சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான். தாவூத் அவன் முட்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, சீட் நாலு விரக்கடை இறங்கிக் கிடக்கு. உன் உயரத்துக்கு நான்தானே ஏத்தி முறுக்கிக் குடுத்தேன்? காலை நீட்டவே வழியில்லாம மிதிச்சா முட்டி என்னத்துக்கு ஆகும்? யாரு இறக்குனது?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஸ்பானரைத் தொட்டதே இல்லை பாய்."

நல்லம்மாள் தொண்டையைக் கனைத்தாள். மெல்ல முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளிருந்த ஸ்பானரை எடுத்து நீட்டினாள்.

"அவரைத் திட்டாதீங்க பாய். வண்டியையும் கொண்டுபோயிடாதீங்க. நாளையிலேர்ந்து பாசாருக்குப் போயிட்டு வந்ததும் மறக்காம ஏத்தி வச்சிடறேன்."